அங்க அடையாளம் இரண்டு

ஏப்ரல் 1, செவ்வாய்

ஜெபக்கனி டீச்சர் இன்னைக்கு இந்த நோட்டைக் கையில திணிச்சிட்டாங்க. சாயங்காலம் பெரியவங்களுக்கு நடக்குற எழுத்து வகுப்புல நான் வாயை மூடுறதே இல்லையாம். மத்த பொம்பளைங்க பலகையைப் பார்க்காம என் வாயைப் பார்த்துக்கிட்டு இருக்காங்களாம். பேசுறதை எல்லாம் எழுதுங்க சீனியக்கா, நான் படிக்க மாட்டேன், பக்கம் நிறைஞ்சிருக்கான்னு மட்டும் பார்ப்பேன்னாங்க. நான் மூணாங்கிளாஸ் வரைக்கும் போனவ. நாலு வரி எழுதினா கை கடுக்குது. வாய்தான் கடுக்கவே மாட்டேங்குது.

என் பேரு சீனித்தாய். வயசு நாப்பத்தாறு. இந்த ஊர்த் தொடக்கப்பள்ளியில சத்துணவு ஆயா. வெங்காயம் உரிக்கணும், முட்டை உரிக்கணும், அண்டா கழுவணும். அழுற பிள்ளையைச் சிரிக்க வைக்கிறதும் சிரிக்கிற பிள்ளையை அழ வைக்கிறதும் நானா இழுத்துப் போட்டுக்கிட்ட வேலை. ஊருக்குள்ள பாதிப் பிள்ளைங்களுக்குப் பட்டப்பேரு வச்சது நான்தான். அவுக அப்பா அம்மா வச்ச பேரு ரேசன் கார்டோட சரி.

ஏப்ரல் 3, வியாழன்

வருசக் கடைசி வந்தா பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரி ஆயிடும். மூணாங்கிளாஸ்ல இருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் பிள்ளைங்க ஒவ்வொண்ணா எந்திரிச்சு ஒரு பக்கம் வாசிக்கணும். திக்காம வாசிச்சா காகிதத்துல வெட்டின ஒரு இலை கொடுப்பாங்க. அதைச் சுவத்துல இருக்குற மரத்துல ஒட்டணும். கதிர்வேலு அரைப்பக்கத்துல நின்னுட்டான். ஒரு எழுத்து விட்டு ஒரு எழுத்துக்கு எச்சி முழுங்குறான். நான் சன்னல் பக்கம் நின்னு, அந்த இலையை ஆட்டுக்குப் போடுங்க டீச்சர், இவனுக்கு வேண்டாம்னேன். வகுப்பே சிரிச்சுது. அவன் அழுதான். மத்தியானம் அவனுக்கு ஒரு கரண்டி கூடப் போட்டேன். கணக்கு சரியாப் போச்சு.

முப்பத்தோரு இலையில முதல் இலை அஞ்சாங்கிளாஸ் முனீஸ்வரி ஒட்டினது. அது வாசிக்கிறதைக் கேட்டா ரேடியோ கேட்ட மாதிரி இருக்கும். என்னை அத்தை முறை வச்சுக் கூப்பிடுவா. எங்கண்ணன் சங்கிலி ரெண்டாந்தாரமாக் கட்டிக்கிட்டானே தங்கமாரி, அவளோட மூத்த புருசனுக்குப் பிறந்த பிள்ளை. தங்கமாரி திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கா, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவா. அண்ணனுக்கும் அவனுக்குப் பிறந்த சின்னப் பயலுக்கும் முனீசுதான் பொங்கிப் போடுது. நான் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தை அடைச்சுப் போட்ட ஒரு அறையில இருக்கேன். என்னைக் கட்டினவன் என்னை விட்டுப் போனப்போ அண்ணன் ஒதுக்கிக் கொடுத்தது.

ஏப்ரல் 7, திங்கள்

அஞ்சாங்கிளாஸ் பதினோரு பேரும் 'ஆறாம் வகுப்பில் நான்'னு ஒரு கடுதாசி எழுதி, கயிறு கட்டித் தொங்கவிட்டாங்க. துணி காயப் போட்ட மாதிரி. நான் பெருக்கும்போது ஒண்ணொண்ணா எழுத்துக்கூட்டிப் படிச்சேன். ஒருத்தன் சைக்கிள் வரும்ங்கிறான். கற்பகவல்லி டாக்டர் ஆவாளாம். அவளுக்கு ஊசியைப் பார்த்தா பாவாடையிலேயே போயிடும்.

முனீசு எழுதினது இது. பார்த்து அப்படியே எழுதுறேன்.

"நான் ஆறாம் வகுப்பு உண்டு உறைவிடப் பள்ளியில் படிப்பேன். அங்கே பெண் பிள்ளைகள் மட்டும் இருப்பார்கள். எனக்கு ஒரு பெட்டி உண்டு. சாயங்காலம் விளையாட விடுவார்கள். அங்கே நான் அடுப்புப் பற்ற வைக்க வேண்டாம். பீடி வாங்கக் கடைக்குப் போக வேண்டாம்."

பீடி வாங்க வேண்டாமாம். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஏட்டி, கடைக்காரன் கடையை மூடிட்டுப் போயிடப் போறான்னேன். அது சிரிக்கல. அதுக்கு விளையாட்டே புரியாது.

ஏப்ரல் 8, செவ்வாய்

பள்ளிக்கூட போட்டோ எடுத்தாங்க. என்னை ஓரத்துல நிக்க வச்சிட்டாங்க. அண்டாவோட நின்னேன்.

ஏப்ரல் 10, வியாழன்

இன்னைக்கு மச்சம் பார்க்குற நாள். இது எனக்கு வருசா வருசம் திருவிழா.

அஞ்சு முடிச்சுப் போற பிள்ளைங்களுக்கு டி.சி. எழுதணும்ல. அதுல அங்க அடையாளம் இரண்டுன்னு ஒரு கட்டம் இருக்கு. மச்சமோ தழும்போ ரெண்டு இருந்தாத்தான் ஆச்சு. டீச்சர் மேசையில உட்கார்ந்து எழுதுவாங்க. நான் பிள்ளைங்களை வரிசையா நிறுத்தி, கழுத்தைத் திருப்பி, காதை மடக்கி, கையைத் தூக்கித் தேடிச் சத்தமாச் சொல்லுவேன். ஒன்பது வருசமா நான்தான். சும்மா சொன்னா என்ன ருசி இருக்கு? ஒவ்வொருத்தருக்கும் ஒரு கேலி சேர்த்துத்தான் சொல்லுவேன். கற்பகவல்லிக்கு மூக்கு மேல மச்சம், ஊரு வம்பெல்லாம் முதல்ல இவளுக்குத்தான் மணக்கும் டீச்சர்னேன். ஒருத்தனுக்குத் தேடித் தேடி ஒண்ணுமே கிடைக்கல, அழுக்கைத் தேய்ச்சுட்டு நாளைக்கு வான்னேன். பிள்ளைங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குது.

முனீசு கடைசியில நின்னுச்சு. கழுத்துல ஒரு மச்சம் ஈசியாக் கிடைச்சுது. இன்னொண்ணு வேணும். வலது கைச் சட்டையை நான்தான் மேல ஏத்தினேன். சிரிப்பு வேகத்துல, என்னன்னு யோசிக்கிறதுக்கு முந்தியே வாய் பேசிடுச்சு. இவளுக்கு அடையாளத்துக்குப் பஞ்சமே இல்ல டீச்சர், ஏழு இருக்கு, எதை எழுதப் போறீங்கன்னு சொல்லிட்டேன்.

ஏழும் வட்டம். ஒரே அளவு. ஒண்ணு மட்டும் இன்னும் காயல.

டீச்சர் பேனாவை வச்சுட்டு எந்திரிச்சாங்க. நான் சட்டையை இறக்கி விட்டுட்டேன்.

"என்ன தழும்பு அது?"

"அம்மை போட்டது டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்க்கல. "முனீஸ்வரி, நீ சொல்லு. அம்மையா?"

அது என்னைப் பார்த்துச்சு. வாயைத் திறக்கப் போற மாதிரி இருந்துச்சு. டக்குன்னு, அம்மனுக்குக் கண்ணு தெரியல டீச்சர், நெத்தியில வைக்க வேண்டிய சந்தனப் பொட்டை எல்லாம் இவ கையில வச்சிட்டுப் போயிட்டான்னேன். பிள்ளைங்க கொல்லுன்னு சிரிச்சுது. ஒரு பயல், சந்தனப் பொட்டு சந்தனப் பொட்டுன்னு கத்தினான். எல்லாம் பிடிச்சுக்கிட்டுது. அந்தச் சத்தத்துல முனீசு தலையை ஆட்டிடுச்சு.

டீச்சர் மறுபடி மேசையில உட்கார்ந்தாங்க. அப்புறம் எழுதினாங்க. ஒன்று, கழுத்தின் இடப்பக்கம் ஒரு மச்சம். இரண்டு, வலது மேற்கையில் அம்மைத் தழும்பு.

சர்க்கார் காகிதத்துல ஏறிட்டா அது அம்மைதானே.

ஏப்ரல் 11, வெள்ளி

அண்ணன்கிட்ட நேத்து நடந்ததைச் சொன்னேன். பிள்ளையோட கையைக் கவனிச்சுக்கண்ணேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவனும் சிரிச்சான். கஞ்சி தீஞ்சுபோச்சு, அதான்னான். நீ இருக்கிறவரைக்கும் எனக்கென்ன சீனி, கூடப் பிறந்தவன்னா நீதான்னு சொல்லிட்டு, என் அறைக் கூரையில ஓட்டை விழுந்த தகரத்தை மாத்தித் தர்றேன்னான். ரெண்டு வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

எனக்கும் இடது தோள்ல ஒண்ணு உண்டு. அண்ணனுக்கு அப்போ பதினாலு வயசு இருக்கும். விளையாட்டுக்குச் செஞ்சது. நான் என்ன செத்தா போயிட்டேன்?

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒண்ணு. லீவு. முனீசு பாயாசம் வச்சுக் கொண்டுவந்துச்சு. வெல்லம் கூடிப்போச்சு. ஏட்டி, உனக்குச் சர்க்கரை வியாதிக்காரன்தான் மாப்பிள்ளைன்னேன். லேசாச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

ஏப்ரல் 16, புதன்

ஆண்டு விழா. காலையிலேயே கொடிக்காகிதம் கட்டி, கோலம் போட்டு, எலுமிச்சங்காய் ஸ்பூன் ஓட்டம் முடிச்சு, மத்தியானம் கலர் சாதம். எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க காய்கறி வேசம் போட்டு ஆடினதுல கத்தரிக்காய் மேடையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டான். நான் மாப்பு எடுத்துக்கிட்டு மேடை ஏறினேன். எனக்குத்தான் கைதட்டல் அதிகம்.

அஞ்சாங்கிளாஸ் சார்பா முனீசு விடைபெறுற உரை வாசிச்சுது. முழுக்கைச் சட்டை போட்டிருந்துச்சு, அந்த வெயில்லயும். நல்லாத்தான் ஆரம்பிச்சுது. ஜனமெல்லாம் அப்படியே அமைதியாயிட்டாங்க. அப்போ பின்னாடி இருந்து ஏதோ ஒரு வாண்டு, சந்தனப் பொட்டுன்னு கூப்பிட்டான். இன்னொண்ணும் கூப்பிட்டுது. முனீசு நின்னுடுச்சு. காகிதத்தைப் பார்க்குது, எழுத்து தெரியாத மாதிரி பார்க்குது. டீச்சர் பக்கத்துல போய்த் தோளைத் தொட்டாங்க. அப்புறம் கடகடன்னு வாசிச்சு முடிச்சிட்டு இறங்கிடுச்சு.

நான் வச்ச பேரு ஆறே நாள்ல எப்படி ஒட்டிக்கிட்டுதுன்னு பாருங்க. கை ராசி.

ஏப்ரல் 17, வியாழன்

பரீட்சை முடிஞ்சுது. இனி அஞ்சாங்கிளாஸ் வரத் தேவையில்லை.

நான் அண்டா கழுவுற இடத்துக்கே டீச்சர் வந்துட்டாங்க. உண்டு உறைவிடப் பள்ளியில நம்ம ஸ்கூலுக்கு ஒரே ஒரு இடம் கொடுத்திருக்காங்களாம், முனீஸ்வரி பேரை எழுதிட்டாங்களாம். தங்கமாரிக்குப் போன் போட்டாச்சாம், அவ அழுதுக்கிட்டே சரின்னாளாம். பெத்தவ ஊர்ல இல்லாததால அத்தை நீங்க கூட வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்னாங்க. இருபத்தெட்டாந்தேதி காலையில எட்டரை பஸ்ஸுக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்துருங்க, அன்னைக்கு விட்டா இடம் வேற பிள்ளைக்குப் போயிடும்னாங்க. லீவுலயும் அங்கேயே வகுப்பு நடக்குமாம், அன்னைக்கே விட்டுட்டு வந்துறலாமாம்.

அப்புறம் குரலைத் தணிச்சு ஒண்ணு சொன்னாங்க.

"சீனியக்கா, அந்தத் தழும்பை நான் அம்மைன்னு நம்பல. நீங்க சொன்னீங்கன்னுதான் எழுதினேன். அந்தப் பிள்ளை அந்த வீட்டை விட்டுப் போயிறணும். நீங்கதான் கூட்டிட்டு வரணும்."

நான் கையெழுத்துப் போடுற அளவுக்குப் பெரிய மனுசி ஆயிட்டேன் பார்த்தீங்களான்னேன். டீச்சர் சிரிக்கல.

ஏப்ரல் 18, வெள்ளி

அண்ணன்கிட்டச் சொல்லாம இருக்க முடியுமா? சொன்னேன். அவன் கத்தல. கத்தினாக்கூடப் பரவாயில்ல. பீடியைப் பத்த வச்சுக்கிட்டே, அவ போனா எனக்கும் பயலுக்கும் யாரு பொங்குவா, நீதான் வரணும் சீனி, பள்ளிக்கூட வேலையை விட்டுருன்னான். இல்லன்னா தாழ்வாரத்தை இடிச்சு ஆட்டுக்கொட்டகை போடலாம்னு இருக்கேன்னான்.

தகரம் மாத்தியாச்சு. புதுத் தகரம், பளபளன்னு இருக்கு.

ஏப்ரல் 21, திங்கள்

இன்னைக்கு முனீசுகிட்டப் பேசினேன். அது அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. டீச்சர் வந்தாங்களா அத்தைன்னு அதுவே கேட்டுது. ஆஸ்டல் இடத்துக்குப் பேரு கொடுத்திருக்கேன்னு டீச்சர் அதுகிட்டயும் சொல்லியிருக்காங்க, மூணு நாளா இதே கேள்வி. பிள்ளை ஒரு துணிப்பையில பாவாடையும் ரெண்டு நோட்டும் எடுத்து வச்சிருக்கு, நான் பார்த்தேன்.

இடம் இல்லையாம்டின்னேன். ஏன்னு கேட்டுது. நான் அதுவரைக்கும் ஏன்னு யோசிக்கவே இல்ல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். டி.சி.யில அம்மைத் தழும்புன்னு இருக்குல்ல, நூறு பிள்ளைங்க ஒண்ணாப் படுக்குற இடம், அம்மை வந்த பிள்ளையை எடுத்தா மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்னு அங்க இருக்குற பெரிய டீச்சர் சொல்லிட்டாங்களாம்னேன். உன் மூஞ்சிக்கு ஆஸ்டல் சோறு ஒத்துக்காதுடி, குண்டாயிடுவன்னு சேர்த்துச் சொன்னேன். மனசு லேசாகட்டுமேன்னுதான்.

அரிசியை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுச்சு. தண்ணியை நான் வடிச்சு வச்சேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வெயில் தாங்கல. நாய்கூட வாசல்ல நிக்கல.

ஏப்ரல் 23, புதன்

முனீசு என் அறை வாசல்ல வந்து உட்கார்ந்துச்சு. நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருந்தேன். என்னடி, கல்யாணப் பேச்சா எடுத்துட்டு வந்திருக்கேன்னேன்.

"அத்தை, அது அம்மை இல்லன்னு சொல்லிட்டா என்னைச் சேர்த்துக்குவாங்களா?"

நான் தடவின வெத்தலையைக் கீழ வச்சேன்.

"நான் டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன் அத்தை. பீடி பட்டதுன்னு மட்டும் சொல்றேன். யாருன்னு சொல்லல. ஒட்டாதுன்னு தெரிஞ்சா போதும்ல."

யாருன்னு சொல்ல மாட்டேங்குது. அதுகூட யோசிச்சு வச்சிருக்கு. பதினோரு வயசுக் கழுதைக்கு எவ்வளவு மூளை பாருங்க.

என்ன விளையாட்டுப் பேச்சுப் பேசலாம்னு தேடினேன். ஒண்ணும் வரல. என் வாய்ல ஒண்ணும் வராம இருந்தது இதுதான் முதல் தடவை. அப்புறம் சொன்னேன்.

"சொல்லு. தாராளமாச் சொல்லு. போலீசு வந்து முதல்ல உங்கம்மாவைத்தான் பிடிக்கும். பிள்ளையை விட்டுட்டுத் திருப்பூருக்குப் போனவ அவதானே. அப்புறம் நீ ஆஸ்டல்ல இரு, அவ ஜெயில்ல இருக்கட்டும்."

அது என் மூஞ்சியவே பார்த்துச்சு. நான் விளையாட்டுக்குச் சொல்றேனான்னு பார்க்குது. நான் எப்பவும் விளையாட்டுக்குத்தானே பேசுவேன். இந்த ஒரு தடவை சிரிக்கல. அதனால நம்பிடுச்சு.

எந்திரிச்சுப் போய்ப் பயலுக்குச் சோறு ஊட்டுச்சு. அவன் முழுங்க மாட்டேன்னு அடம் பண்ணினான். தலையில ஒரு குட்டு வச்சுது. அதுவரைக்கும் அவனை அது அடிச்சு நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

டீச்சர்கிட்டப் போய்ச் சொல்லிட்டேன். பிள்ளைக்குப் போக மனசில்லை டீச்சர், தம்பியை விட்டுட்டு இருக்க மாட்டேன்னு ஒரே அழுகை, ரெண்டு நாளா சாப்பிடல, அதான் அம்மாகிட்டவே அனுப்பிட்டோம், திருப்பூர் பஸ் ஏறிடுச்சுன்னேன். டீச்சர் நம்பாத மாதிரி பார்த்தாங்க. முனீஸ்வரியா அழுதான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. தங்கமாரிக்குப் போன் போட்டாங்க. கம்பெனி நேரம், எடுக்கல. எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப நினைச்சாலும் எழுத்து கோணலாத்தான் வருது.

சாயங்காலம் அண்ணன் போன்ல தங்கமாரி பேசினா. நான்தான் வாங்கிப் பேசினேன். டீச்சர் உனக்குப் போன் போட்டது இடம் இல்லைன்னு சொல்லத்தான், அடுத்த வருசம் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க, நீ அவுகளுக்குப் போன் போட்டுத் தொந்தரவு பண்ணாதேன்னேன். அவ ஒண்ணும் கேட்கல. கம்பெனியில நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறவளுக்குக் கேள்வி கேட்கத் தெம்பு ஏது. முனீசுகிட்டக் கொடுங்கன்னா. கொடுத்தேன். அது பக்கத்துல நான் நின்னேன். நல்லா இருக்கேம்மா, நீ சாப்பிட்டியா, இவ்வளவுதான் பேசுச்சு.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒண்ணும் இல்ல. கோழி ஒண்ணு செத்துப்போச்சு.

ஏப்ரல் 28, திங்கள்

காலையில எட்டு மணிக்கே பஸ் ஸ்டாப் பக்கம் போனேன். எதுக்குப் போனேன்னு தெரியல. பால் வாங்கப் போனேன்னு வச்சுக்கோங்க. டீச்சர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல கற்பகவல்லி, புதுப் பெட்டியோட. அவுக அம்மா அவ தலையில அரைப்படி எண்ணெய் தடவியிருந்தா. ஊசி போட வந்தா ஓடிறாதடின்னேன். அவ சிரிச்சா. அவ அம்மாவும் சிரிச்சா. டீச்சர் ரோட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க, நம்ம தெரு திரும்புற பக்கம். பஸ் வந்தும் ஏறல. கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் ஏறினாங்க. ஏறுறதுக்கு முந்தி என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க.

"முனீஸ்வரி வந்தா, நான் கேட்டேன்னு சொல்லுங்க."

சொல்றேன் டீச்சர்னேன்.

வீட்டுக்கு வந்தா முனீசு வாசல் தெளிச்சுக்கிட்டு இருந்துச்சு. பஸ் ஊரைச் சுத்தி மெயின் ரோட்டுல ஏறுற சத்தம் கேட்டுச்சு, தூரத்துல. கையில வாளியோட நின்னு கேட்டுது. இது எட்டரை பஸ்ஸா அத்தைன்னுச்சு. ஆமான்னேன். மிச்சத் தண்ணியையும் தெளிச்சு முடிச்சுது.

மத்தியானம் அண்ணனுக்கும் பயலுக்கும் சோறு போட்டுட்டு எனக்கும் ஒரு கிண்ணத்துல கொண்டுவந்து வச்சுது. கத்தரிக்காய்க் குழம்பு. நான் கேட்காமயே, அப்பளமும் ஒண்ணு வச்சிருந்துச்சு. கிண்ணத்தை நீட்டும்போது பார்த்தேன், கையில எட்டாவது ஒண்ணு புதுசா இருந்துச்சு. அது மறைக்கல. நான் கிண்ணத்தை வாங்கிக்கிட்டேன்.

குழம்புல உப்பு சரியா இருந்துச்சு. முழுசாச் சாப்பிட்டேன்.